கண்ணாடியைத்தானே மாற்றினோம், கேமராவை எதற்குத் தொட வேண்டும்?

போன ஆடி மாதம் மச்சானின் காரில் முன் கண்ணாடி போயிற்று. பல்லடத்திலிருந்து காரணம்பேட்டை வரும் வழியில், ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்றின் பின்னால் வந்திருக்கிறார். சின்னக் கல் ஒன்று தெறித்து மிளகு அளவுக்கு ஒரு புள்ளி விழுந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டியில் ஒருநாள் ஏசியை முழுசாகத் திருப்பினாராம், அந்தப் புள்ளியிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு விரிசல் ஓடிவிட்டது. கண்ணாடிக் கடையில் விட்டார், அரை நாளில் புதுக் கண்ணாடி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

நாலு நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. "மாப்ள, நீலாம்பூர் ரோட்டுல வண்டி நேராத்தான் போவுது, ஆனா ஸ்டீயரிங் தானா இடது பக்கம் இழுக்குது. கோட்டு மேல ஏறாமலே ஏறுற மாதிரி பீப் அடிக்குது."

முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமராவுக்குக் கேலிப்ரேஷன், அதாவது அது பார்க்கும் திசையைச் சரிபார்த்துப் பதியும் வேலை, செய்தார்களா என்று கேட்டேன். "கண்ணாடி மாத்துனதுக்கும் அதுக்கும் என்ன மாப்ள சம்பந்தம்? கேமராவை அப்படியே கழட்டி அப்படியே மாட்டிட்டமுங்கன்னு கடைக்காரரே சொன்னாரே" என்றார்.

இதே கேள்வியை இந்த ஒரு வருடத்தில் பலரிடம் கேட்டுவிட்டேன். எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டால் எதுவும் செய்ய வேண்டாம் என்கிறார் ஒருவர், காரின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டு எரரை அழித்தால் போதும் என்கிறார் இன்னொருவர், அதெல்லாம் பில்லை ஏற்றும் வேலை என்கிறார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. ஏன் தவறு என்று புரிய, அந்தக் கேமரா எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் கேமரா அங்கே என்ன செய்கிறது

உங்கள் காரில் ஏடாஸ் இருந்தால், உள்பக்க நடுக்கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியின் உச்சியில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதற்குள் இருப்பதுதான் முன் கேமரா. ஏடாஸ் என்பது ஓட்டுநருக்குத் துணை செய்யும் வசதிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர். கோட்டை விட்டு விலகினால் எச்சரிப்பது, ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பி லேனுக்குள் வைப்பது (லேன் அசிஸ்ட்), முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது (அடாப்டிவ் குரூஸ்), மோதப்போகிறது என்றால் தானாகப் பிரேக் போடுவது, இதெல்லாம் அதில் அடங்கும். காரே தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் வசதி இல்லை இது. கையும் கண்ணும் நம்முடையதுதான், பொறுப்பும் நம்முடையதுதான்.

2021-ல் வந்த எம்ஜி ஆஸ்டர், மஹிந்திரா எக்ஸ்யூவி 700 போன்ற வண்டிகளுக்குப் பிறகு நம்ம ஊர்ச் சாலைகளிலும் இது சகஜமாகிவிட்டது. சில வண்டிகளில் கேமராவோடு பம்பர் பக்கம் ரேடார் என்ற இன்னொரு கருவியும் இருக்கும். அது ரேடியோ அலையை அனுப்பி, முட்டித் திரும்பி வருவதை வைத்து முன்னால் இருப்பதன் தூரத்தை அளக்கும். ஹோண்டா எலிவேட் போன்ற வண்டிகளில் ரேடார் கிடையாது, முன்பக்க வேலை முழுக்கக் கேமராவின் தலையில்தான். எந்த வண்டியானாலும் சாலைக் கோட்டைப் பார்ப்பது கேமரா மட்டுமே. ரேடாருக்குப் பெயின்ட் தெரியாது.

கேமராவிடம் டேப் இல்லை, கோணம்தான் இருக்கிறது

நேர்ச்சாலை ஒன்றில் நின்று பாருங்கள். பக்கத்தில் நிற்கும் வண்டியின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தைப் பார்க்கக் கண்ணை நன்றாகத் தாழ்த்த வேண்டும். தூரத்து வண்டியின் சக்கரத்தைப் பார்க்கக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். இன்னும் தள்ளிப் போனால் சாலையே வானத்தைத் தொடுகிற கோட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு தாழ்த்துகிறோம் என்பதை வைத்தே எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம், நம் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்.

கேமராவும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. வண்டியின் அளவு, அது படத்தில் எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்றெல்லாம் வேறு கணக்குகளையும் சேர்த்துக்கொள்ளும், ஆனால் அடிப்படை இதுதான்: தரையிலிருந்து நான் இவ்வளவு உயரத்தில் இருக்கிறேன், இந்தத் திசையைப் பார்க்கிறேன், அப்படியென்றால் படத்தில் இந்தப் புள்ளி தரையில் இத்தனை மீட்டரில் இருக்க வேண்டும்.

அந்த "இந்தத் திசையைப் பார்க்கிறேன்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் தள்ளி நிற்கும் லாரியின் சக்கரத்தைப் பார்க்க அது ஒன்றரை டிகிரிதான் கீழே பார்க்க வேண்டும். மொத்தமே ஒன்றரை டிகிரி. இப்போது கேமரா அரை டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டது, அது கேமராவுக்குத் தெரியாது என்றால், அதே லாரி 75 மீட்டரில் நிற்பதாகக் கணக்கு வரும். மேல்நோக்கிச் சாய்ந்தால் 37 மீட்டர். அரை டிகிரி என்பது கண்ணுக்கே தெரியாத கோணம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் தாண்டிவிடும், அதனால் 25 மீட்டர் தப்புக் கணக்கு என்றால் பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் ஒரு விநாடிக்கும் மேலே போயிற்று. ரேடாரும் சேர்ந்த வண்டியில் இந்தத் தூரத் தவறு இவ்வளவு இருக்காதுதான். பக்கவாட்டுத் தவறு அப்படியில்லை.

பக்கவாட்டிலும் இதே கதைதான். கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டர் தூரத்தில் அது ஒன்றே முக்கால் மீட்டர் விலகலாகிவிடும். நம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் மூன்றரை மீட்டர், ஆகப் பாதி லேன். பக்கத்து லேனில் போகும் பஸ் நம் லேனில் போவதாகத் தெரியும், நம் லேனில் நிற்கும் வண்டி ஓரத்தில் நிற்பதாகத் தெரியும். மச்சானின் வண்டி இடது பக்கம் இழுத்ததும் இதனால்தான். வண்டி லேன் நடுவில்தான் இருந்தது, கேமரா அதை வலப்பக்கம் தள்ளி இருப்பதாக நினைத்துக்கொண்டு நல்ல எண்ணத்தில் திருத்தியது.

இதுவரை பார்த்ததன் சாரம்: கேமரா தூரத்தை அளப்பதில்லை, கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு, தான் எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று அது நம்புவதை வைத்துப் போடப்படுகிறது. அந்த நம்பிக்கை கொஞ்சம் பிசகினாலும் தூரத்தில் அது மீட்டர் கணக்கில் வந்து நிற்கும்.

கண்ணாடி மாறினால் திசை ஏன் மாறுகிறது

கேமராவை அப்படியே கழற்றி அப்படியே மாட்டினோம் என்று கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் கேமரா எதில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பது காரின் இரும்பை இல்லை, கண்ணாடியை. கண்ணாடியின் உள்பக்கம் ஒரு பிராக்கெட் ஒட்டியிருக்கும், கேமரா அதில் மாட்டப்பட்டிருக்கும். பழைய கண்ணாடி போனதோடு அந்தப் பிராக்கெட்டும் போயிற்று. புதுக் கண்ணாடியில் புதுப் பிராக்கெட், பசையின் கனமும் புதிது, கண்ணாடி காரின் சட்டத்தில் உட்காரும் இடமும் முடியளவு வேறு.

முடியளவுதானே என்று தோன்றும். பிராக்கெட் 6 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்து, அதன் ஒரு முனையின் கீழ் ஏடிஎம் கார்டு ஒன்றைச் சொருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர். அதற்கே கேமரா 0.7 டிகிரி சாய்ந்துவிடும். மேலே சொன்ன லாரிக் கணக்கைக் கெடுக்க அரை டிகிரியே போதுமாக இருந்தது.

இரண்டாவது காரணம் கண்ணாடியேதான். தண்ணீர்த் தொட்டியில் குச்சியை விட்டால் வளைந்து தெரிகிறதே, ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது திசை மாறுகிறது. முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை, இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. அதனால்தான் உடைந்தாலும் சிதறாமல் சிலந்தி வலை மாதிரி நிற்கிறது. தட்டையாக, எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருந்தால் படம் கொஞ்சம் நகர்வதோடு சரி. ஆனால் அது வளைந்த கண்ணாடி, சாய்ந்து வேறு நிற்கிறது, கனத்திலும் இம்மி வித்தியாசம் இருக்கும். கேமராவுக்கு அது ஒரு மூக்குக்கண்ணாடி மாதிரி. கோவையில் கண்ணாடிக் கடையில் பவர் மாற்றி வாங்கி வெளியே வந்து, வாசற்படியில் கால் வைக்கும்போது தரை கொஞ்சம் மேலே வந்த மாதிரி இருக்குமே, அதுதான். நமக்கு ரெண்டு நாளில் மூளை பழகிவிடும். கேமராவுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தருவதன் பெயர்தான் கேலிப்ரேஷன்

கேலிப்ரேஷன் என்றால் ஒரு கருவி காட்டுவதையும் உண்மையான அளவையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கருவிக்குள் பதிந்துவைப்பது. பீளமேடு, கணபதி பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜாப்பை, அதாவது கடையும் இரும்புத் துண்டை, கழற்றி மறுபடி மாட்டினால் யாரும் அப்படியே ஓட்டமாட்டார்கள், டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்து, முள் ஆடாமல் நின்றால்தான் டூலைக் கிட்டே கொண்டுபோவார்கள். அதே லேத், அதே சக், அதே ஜாப், ஆனாலும் கழற்றி மாட்டியாயிற்று. கேமராவிலும் காரணம் அவ்வளவுதான்.

இங்கே கேமராவைத் திருகித் திருப்புவது கிடையாது. அது சாய்ந்தபடியே இருக்கும். "நீ 0.4 டிகிரி கீழே பார்க்கிறாய், அதைக் கழித்துக் கணக்குப் போடு" என்று அதன் நினைவில் எழுதிவைக்கிறார்கள். ஸ்கேனரில் எரரை அழிப்பது இது இல்லை. எரரை அழித்தால் விளக்கு அணையும், கேமரா பழைய கண்ணாடியின் கணக்கிலேயே இருக்கும்.

பலகை வைத்து ஒரு முறை, ஓட்டி ஒரு முறை

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. எந்த வண்டிக்கு எது என்பதை வண்டி செய்த கம்பெனி முடிவு செய்திருக்கும், சில வண்டிகளுக்கு இரண்டும் வேண்டும்.

முதலாவது நின்ற இடத்தில் செய்வது, ஸ்டேட்டிக் கேலிப்ரேஷன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கறுப்பு வெள்ளை வடிவங்கள் அச்சிட்ட பலகை ஒன்றை முன்னால் கம்பெனி சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில், வண்டியின் நடுக்கோட்டுக்கு நேராக வைப்பார்கள். லேசர் ஒளியை வைத்து அளந்து நிறுத்துவார்கள், கொத்தனார் நூல் கட்டி மூலைமட்டம் பார்க்கிற மாதிரி. அப்புறம் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகிக் கேமராவைப் பார்க்கச் சொல்வார்கள். பலகை எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும், கேமராவுக்கு எங்கே தெரிகிறது என்பதையும் பார்த்தால் வித்தியாசம் கிடைத்துவிடும்.

கேட்க எளிது, ஆனால் இதில் கெடுக்கக்கூடிய சங்கதிகள் நிறைய. டயர்க் காற்று ஒரு பக்கம் குறைந்திருந்தால் வண்டியே சாய்ந்து நிற்கும். டிக்கியில் நாலு பண்டல் பனியன் இருந்தால் பின்பக்கம் இறங்கி, மூக்கு தூக்கி நிற்கும். தரை மட்டமில்லை, பலகையில் வெயில் அடிக்கிறது, ஸ்டீயரிங் நேராக இல்லை என்று எதுவானாலும் அந்தத் தவறு அப்படியே கேமராவுக்குள் பதிந்துவிடும். வீல் அலைன்மென்ட் அதைவிட முக்கியம். இருசு கோணலான மாட்டுவண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வண்டியின் முகம் ஒரு பக்கம் இருக்கும், போவது ஒரு பக்கமாக இருக்கும். காரிலும் பின்சக்கரங்கள் பார்க்கும் திசைதான் வண்டி உண்மையில் போகும் திசை, கேமரா அதைத்தான் "நேர்" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் அலைன்மென்ட் முதலில், கேமரா பிறகு. மாற்றிச் செய்தால் இரண்டாவது முறையும் செய்ய வேண்டிவரும்.

இரண்டாவது வழி ஓட்டிக்கொண்டே செய்வது, டைனமிக் கேலிப்ரேஷன். ஸ்கேனரை மாட்டியபடி, சொன்ன வேகத்தில், கோடு தெளிவாக இருக்கும் சாலையில் ஓட்ட வேண்டும். கேமரா இரண்டு பக்கக் கோடுகளும் தூரத்தில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்துப் பார்த்துத் தன் திசையைத் தானே கணித்துக்கொள்ளும். கோடு அழிந்த ஊர்ச் சாலையில் இது நடக்காது, அவினாசி ரோடு நெரிசலிலும் நடக்காது, கொட்டும் மழையிலும் நடக்காது. செங்கப்பள்ளி–நீலாம்பூர் ஆறுவழிச் சாலை மாதிரி ஒன்றுதான் இதற்குச் சரி. "சும்மா ஒரு ரவுண்டு ஓட்டுனா அதுவே செட் ஆயிருங்க" என்று சொல்வது இதிலிருந்து வந்த பாதி உண்மை. சில வண்டிகள் ஓடும்போது சின்னச் சின்ன வித்தியாசத்தைத் தாமாகவே திருத்திக்கொள்ளும், ஆனால் கண்ணாடி மாறியது என்று ஸ்கேனர் வழியாகச் சொல்லி முறையாகத் தொடங்காமல் அதை நம்பிப் போகக் கூடாது.

இரண்டு வழியும் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இருக்கும் இடம் தெரிந்த ஒன்றைக் கேமராவுக்குக் காட்டி, அதற்குத் தெரியும் இடத்தோடு ஒப்பிடுவது. ஒன்றில் பலகை, இன்னொன்றில் சாலைக் கோடு.

"லைட் எரியலையே?"

விலகல் பெரிதாக இருந்தால், அல்லது கேமராவின் முன்னால் ஏதாவது மறைத்தால், பல வண்டிகள் டேஷ்போர்டில் சொல்லிவிடும். சின்ன விலகலைச் சொல்லாது, ஏனென்றால் அதற்கே தெரியாது. நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், பத்து நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரம் ஒழுங்காக டிக் டிக்கென்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இதில் கவலையே இந்த இரண்டாவது வகைதான். முழுக்க அணைந்துபோன ஏடாஸ் ஆபத்தில்லை, பத்து வருடம் முந்தைய கார் மாதிரி நாமே பார்த்து ஓட்டிக்கொள்வோம். வேலை செய்வதாகக் காட்டிக்கொண்டு தப்பான இடத்தைப் பார்க்கும் ஏடாஸ், காலியான சாலையில் திடீரென்று பிரேக் போடலாம், போட வேண்டிய இடத்தில் போடாமலும் விடலாம்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று அட்டைப் பெட்டியை வைத்தோ, ஆளை நிற்கவைத்தோ அதன் மேல் வண்டியைவிட்டு வீடியோ எடுக்காதீர்கள். தயவுசெய்து வேண்டாம். கேலிப்ரேஷன் முடியும்வரை லேன் அசிஸ்டை அணைத்துவைத்து, அடாப்டிவ் குரூஸைப் போடாமல், பழைய கார் ஓட்டுவதாக நினைத்து ஓட்டுங்கள்.

கண்ணாடி மாற்றுவது மட்டும் இல்லை. கேமராவைக் கழற்றி மாட்டினால், சஸ்பென்ஷன் வேலை பார்த்தால், வண்டியைத் தூக்கிக் காட்ட ஸ்பிரிங்கோ பெரிய டயரோ போட்டால், முன்பக்கம் அடிபட்டால், அப்போதும் கேட்டுவிடுங்கள். பம்பரைக் கழற்றினால் ரேடாரையும் பார்க்க வேண்டியிருக்கலாம்.

கடையில் வண்டியை விடும் முன்

ஒரே மாடல் காருக்கே ரெண்டு மூன்று வகை முன் கண்ணாடி இருக்கும். கேமரா பிராக்கெட் உள்ளது, இல்லாதது, மழை சென்சருக்கு இடம் உள்ளது என்று. உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துச் சரியான கண்ணாடியைக் கேளுங்கள். சாதாரணக் கண்ணாடியை வாங்கிப் பழைய பிராக்கெட்டைப் பெயர்த்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஒட்டும் பசை காய நேரம் ஆகும். அது பசையைப் பொறுத்து ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், பல மணி நேரமாகவும் இருக்கலாம், எத்தனை மணிக்குப் பிறகு ஓட்டலாம் என்று கேட்டு அதுவரை பொறுங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் முன் ஏர்பேக் விரியும்போது பல வண்டிகளில் அது கண்ணாடியில் முட்டித்தான் நிற்கிறது, பசை இளகியிருந்தால் கண்ணாடியே கழன்றுவிடும்.

இன்சூரன்ஸில் ஒரு நல்ல செய்தி, வழக்கமான மோட்டார் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் என்று பிடிக்கமாட்டார்கள். ஆனால் கேலிப்ரேஷன் செலவை எஸ்டிமேட்டிலேயே தனி வரியாக எழுதச் சொல்லி, சர்வேயர் பார்க்கும் முன்பே அதைக் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்த பிறகு சேர்ப்பது பெரும் அலைச்சல். கண்ணாடிக் கடையில் கேலிப்ரேஷன் வசதி இல்லையென்றால், எங்கே செய்வது, எப்போது செய்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கல் பட்ட புள்ளி சின்னதாக இருக்கும்போதே போனால் ரெசின் என்ற பசையை உள்ளே ஏற்றி அடைத்துவிடலாம். கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லை, கேமராவையும் தொட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புள்ளி கேமராவின் பார்வைக்கு நேரே இருந்தால் அடைத்த தழும்பே படத்தைக் கெடுக்கும், அங்கே இது சரிவராது.

அப்புறம் மச்சான் வண்டி

பலகை வசதி உள்ள இடமாகப் பார்த்துக் கோவையில் விட்டோம். அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினால் பின்சக்கரம் ஒன்று அளவில் இல்லை, அதைச் சரி செய்த பிறகுதான் பலகையை எடுத்தார்கள். பலகை வேலை முடிந்ததும் நீலாம்பூரில் ஏறிச் செங்கப்பள்ளி வரை ஓட்டினார்கள், நான் பின் சீட்டில் உட்கார்ந்து ஸ்கேனரில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது மச்சான் ஓட்டினார், ஸ்டீயரிங் இழுக்கவில்லை. முன்பு எவ்வளவு விலகல், இப்போது எவ்வளவு என்று அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி ஆர்சி புத்தகத்தோடு வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது டெக்னீஷியன் புதுக் கண்ணாடியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஃபாஸ்டாக் எங்கீங்க ஒட்டப்போறீங்க?" என்று கேட்டார். கேமராப் பெட்டிக்கு நேர் கீழே, பழைய கண்ணாடியில் இருந்த அதே இடத்தைத்தான் மச்சான் காட்டினார். அது கேமரா சாலையைப் பார்க்கும் வழி என்று சொல்லி, விரலால் ஒரு முக்கோணம் வரைந்து காட்டி, அதற்கு வெளியே தள்ளி அவரே ஒட்டிக்கொடுத்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும்போதும் அந்த இடத்தை விட்டுவிடுங்க என்றார்.